ஹாஜியார் கடை மாடியில் ஜப்பான் சண்டை

கேம் கடை நடத்துற தொழில்ல ஒரு விஷயத்த முதல் நாளே தெரிஞ்சுக்கலாம்: கடைக்கு வர்ற எவனும் தோத்ததே கிடையாது, பட்டன்தான் வேல செய்யல.

நீங்களும் எப்பவாவது ஒரு கேம் கடை வச்சிருந்தீங்கன்னா, இல்லாட்டி புருஷனையோ மகனையோ தேடிக்கிட்டு ஒரு கேம் கடை மாடிப்படி ஏறியிருந்தீங்கன்னா, நான் படுறபாடு உங்களுக்கு விளங்கும். மத்தவங்க சும்மா சிரிச்சிட்டுப் போகலாம்.

என் கடை மாத்தளை டவுன்ல, பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஹாஜியாரோட புடவைக் கடைக்கு மேல்மாடியில இருந்துச்சு. ரெண்டாயிரம் பொறந்த சமயம். அதுக்கு முன்னால பகல்ல ஒரு ஹார்ட்வெயார் கடையில ஆணி நிறுத்தேன், பொழுது சாஞ்சா ராத்திரி ஸ்கூல்ல ரேடியோ, டீவி திருத்தப் படிச்சேன். என் மச்சான் டுபாயிலருந்து லீவுல வந்தப்ப, சீடி போட்டு விளையாடுற ஜப்பான் பெட்டி ஒண்ணும் சண்ட சீடி ஒண்ணும் கொண்டு வந்தான். அப்ப டீவியில சாயந்திர நேரம் சிங்களத்துல பேசிக்கிட்டு ஒரு ஜப்பான் கார்ட்டூன் போகும். அதுல வர்ற ஆளுங்களத்தான் இந்தச் சீடியில சண்டைக்கு விட்டிருந்தாங்க. சிவப்புச் சால்வை கட்டின ஒரு பையன், குடையப் பிடிச்சுக்கிட்டுப் பறக்குற ஒரு வில்லன், ரெண்டு கையிலயும் விசிறி வச்சிருக்குற ஒரு பொம்பள, தலையில பானையக் கவுத்துக்கிட்ட ஒரு தடியன். ஊருல எல்லாருக்கும் அவங்களத் தெரியும். ஆனா டீவியில பாக்கத்தான் முடியும், அடிக்க முடியாது. அடிக்கணும்னா என்கிட்ட வரணும். அந்த ஒரு தைரியத்துல வேலைய விட்டேன்.

ஹாஜியார் எடம் குடுத்தாரு, ஆனா யோசிச்சு யோசிச்சுக் குடுத்தாரு. "சிவா, மூணு மாசம் பாக்குறன். உங்கட கடையப் பத்தி என்ட காதுக்கு ஒரு முறைப்பாடு வந்தாலும் எடத்தக் காலி பண்ணிரணும். ஒண்ணே ஒண்ணு வந்தாலும்" அப்படின்னாரு. நான் சரின்னேன். யுத்தம் நடந்துக்கிட்டு இருந்ததால நாலு பையன்க ஒரு எடத்துல கூடினாலே எதுக்குக் கூடுறாங்கன்னு கேக்குற காலம் அது. வேற யாரும் கேம் கடைக்கு எடம் தர மாட்டாங்க. ஹார்ட்வெயார் மொதலாளிகிட்ட திரும்பிப் போகவும் வழியில்ல. கணக்கு முடிச்சு அனுப்பும்போது அவரு சொன்னது இன்னும் காதுல இருக்கு: "விளையாடி முடிஞ்சதும் வா சிவா."

கீழ ரெண்டு, வலது ஒண்ணு

சீடி முழுக்க ஜப்பான் எழுத்து. மருந்துக்குக்கூட ஒரு இங்கிலிஷ் எழுத்து இல்ல. எனக்குத் தமிழ் தெரியும், சிங்களம் தெரியும், ராத்திரி ஸ்கூல் புண்ணியத்துல இங்கிலிஷும் கொஞ்சம் வரும். மூணும் சேந்தும் சண்டைய எங்க ஆரம்பிக்கிறதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு நாளாச்சு. எழுத்து விளங்காததால எடத்த மனப்பாடம் பண்ணிக்கிட்டோம். கீழ மூணு தரம் அமத்தி வட்டப் பட்டன் அடிச்சா, தனி ஆளு சண்ட. கீழ ரெண்டு, வலது ஒண்ணு, வட்டம் அடிச்சா, ரெண்டு பேர் சண்ட. நடுவுல பெட்டி எதையாவது கேட்டுக்கிட்டு நின்னாலும் அதே கீழ ரெண்டு, வலது ஒண்ணு, வட்டம். அநேகமா சரியா வந்துரும்.

இத ஒரு அட்டையில தமிழ்லயும் சிங்களத்துலயும் எழுதிச் செவத்துல ஒட்டினேன். தபால் கொண்டு வந்த பீட்டர் மாமா, பென்ஷனுக்கு ஒரு வருஷம் மிச்சம் இருந்தவரு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரெண்டு பாஷையிலயும் முழுசா வாசிச்சாரு. அப்புறம் என்ன ஒரு தரம், அட்டைய ஒரு தரம் பாத்தாரு. "ஏன் சிவா, நாலு வருஷம் ராத்திரி ஸ்கூலுக்குப் போனது இதுக்குத்தானா?"

ரத்தோட்டை பஸ்ஸுக்குப் பன்னெண்டு நிமிஷம்

செல்வா ரத்தோட்டைக்குப் போற பஸ்ஸுல கொண்டக்டர். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறது பன்னெண்டு நிமிஷம். அதுல ரெண்டு நிமிஷம் மாடி ஏற எறங்க, மிச்சம் பத்து நிமிஷமும் என் கடையில. உக்காரவே மாட்டான். டிக்கட் புத்தகத்தக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, சில்லறப் பை வயித்துல ஆட, நின்னுக்கிட்டே அடிப்பான். பஸ்ஸுல நின்னு பழகினவனுக்கு உக்காந்தா கை வராதாம். கீழ டிரைவர் ஹோர்ன் அடிப்பாரு. முதல் ஹோர்னுக்கு செல்வா "கேக்குது"ம்பான். ரெண்டாவதுக்கு "கேக்குது கேக்குது"ம்பான். மூணாவது ஹோர்னுக்குத்தான் நிஜமாவே கேக்கும்.

ஒரு நாள் குடைக்காரன்கூட சண்ட இழுத்துருச்சு. ஹோர்ன் நாலு தரம் அடிச்சு ஓஞ்சு போச்சு. படியில கால் சத்தம் கேட்டுச்சு, பாத்தா அந்த பஸ்ஸுல தோட்டத்துக்குப் போற அம்மா ஒருத்தங்க, தலையில முட்டைக்கோவா மூட்டையோட மேல வந்து நிக்கிறாங்க. எறங்கும்போது கீழ ஹாஜியார்கிட்ட ரெண்டு வார்த்த சொல்லிட்டுப் போனா என் கதை முடிஞ்சுது. அவங்க மூட்டைய எறக்கி வச்சிட்டு, இடுப்புல கைய வச்சு டீவியப் பாத்தாங்க. பாத்துக்கிட்டே இருந்தாங்க. செல்வாவுக்கு வேர்த்து ஊத்துது, பின்னால திரும்பிப் பாக்கப் பயம். கடைசியா அவங்க மூட்டைய மறுபடி தூக்கித் தலையில வச்சுக்கிட்டு சொன்னாங்க: "அந்தக் குடைக்காரன முடிச்சிட்டே வாங்க தம்பி, பஸ்ஸு எப்படியும் லேட்டுதான்."

சேலை பாத்த பயலுக

ஸ்கூல் உடுப்போட யாரும் ரெண்டு மணிக்கு முன்னால உள்ள வரக்கூடாதுன்னு நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். டியூஷனுக்குச் சட்டம் போட மறந்துட்டேன். சனிக்கிழம காலையில அஞ்சு பேர், கணக்கு வகுப்புக்குன்னு வீட்டுல சொல்லிட்டு வந்து பானைத் தலையனோட சண்ட போட்டுக்கிட்டு இருந்தானுங்க. ஜன்னல்ல எட்டிப் பாத்த ஒருத்தன், "கணக்கு மாஸ்டர் வர்றாரு"ன்னான். மாஸ்டர் முன்படியில ஏறி வர்றதுக்குள்ள அஞ்சு பேரும் பின்படியில எறங்கிட்டானுங்க. பின்படி நேரா ஹாஜியாரோட கடைக்குள்ள போகும். நான் இதச் சொல்லிக் குடுத்ததில்ல, ஆனா பூட்டி வச்சதும் இல்ல.

மாஸ்டர் உள்ள வந்து காலிக் கதிரைகளப் பாத்தாரு, ஆடிக்கிட்டு இருந்த ஜாய்ஸ்டிக் வயரப் பாத்தாரு, திரும்பி முன்படியில எறங்கிட்டாரு. அரை மணித்தியாலம் கழிச்சு ஹாஜியார் என்னக் கீழ கூப்பிட்டாரு. அஞ்சு பேரும் புத்தகத்த முதுகுல மாட்டிக்கிட்டு கவுண்டருக்கு முன்னால உக்காந்திருக்கானுங்க. சேல்ஸ் பையன் இருபது முப்பது சேலைய விரிச்சுப் போட்டிருக்கான். ஒருத்தன் முந்தானையத் தடவித் தடவிப் பாக்குறான், மாஸ்டர் இன்னும் ரோட்டுல நிக்கிறாரு போல. ஹாஜியார் என் காதுகிட்ட வந்து மெல்லமா கேட்டாரு: "சிவா, இந்த வயசுல இந்தப் புள்ளயள் யாருக்குச் சேல எடுக்குது?"

வெடிச்சது என்ன

இது என் பிழை, ஒத்துக்கிறேன். ரேடியோ படிச்சவன் சும்மா இருப்பானா? கல்யாண வீட்டுக்குப் பாட்டுப் போடுற பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு வாங்கி டீவியோட சேத்துட்டேன். குடைக்காரனோட கடைசி அடி என்னன்னா, குடைய விரிச்சு வெடிக்க வைக்கிறது. குண்டுப் பயத்துல டவுன்ல பொலிஸ் செக்கிங் கடுமையா இருந்த ஒரு வாரத்துல, பட்டப்பகல்ல, செல்வா அந்தக் குடைய விரிச்சான். கீழ ரோட்டுல பேக்கரிப் பாண் விக்கிற வேன்காரன் வேனுக்கு அடியில போயிட்டான். பழம் விக்கிறவரு பழத்த விட்டுட்டு ஓடிட்டாரு. அஞ்சு நிமிஷத்துல ரெண்டு பொலிஸ்காரங்க துவக்கோட படியேறி வந்தாங்க. கடையில இருந்த பதினாலு பேரும் கைய மேல தூக்கிட்டோம். செல்வா கையில ஜாய்ஸ்டிக் அப்படியே தொங்குது. டீவியில குடைக்காரன் ஜப்பான் பாஷையில சிரிச்சுக்கிட்டு இருக்கான்.

முன்னால வந்த பொலிஸ்காரரு, எங்க ஊர்ப் பேச்சுல ராலஹாமி, சிங்களத்துல கேட்டாரு, வெடிச்சது என்னன்னு. பொய் சொல்லிப் பழக்கமில்ல, அதுவும் துவக்குக்கு முன்னால. "குடை சார்"ன்னேன். "எந்தக் குடை?" டீவியக் காட்டினேன். "வெடிக்க வச்சுக் காட்டு"ன்னாரு. செல்வா பட்டன அமத்தினான், முதல் தரம் குடை விரியல. ரெண்டாவது தரமும் விரியல. என் வாழ்க்கையில ஒரு கேம்ல இன்னொருத்தன் ஜெயிக்கணும்னு சாமி கும்பிட்டது அன்னிக்கு மட்டும்தான். மூணாவது தரம் விரிஞ்சுது. சத்தத்துல பின்னால நின்ன பொலிஸ்காரரு ரெண்டடி பின்னால போனாரு.

எல்லாரோட ஐடென்டி கார்டையும் ஒண்ணொண்ணா வாங்கிப் பாத்துட்டு, ஸ்பீக்கர் வயரத் தன் கையாலயே பிடுங்கிப் போட்டுட்டுத்தான் ராலஹாமி எறங்கினாரு. நானும் பின்னாலயே போனேன். ஹாஜியார் மூஞ்சி வெளுத்துப் போய் வாசல்ல நிக்கிறாரு. அவருகிட்ட ராலஹாமி சொன்னத எழுத்துக்கு எழுத்து தமிழ்ல தர்றேன்: "முதலாளி, உங்க மாடியில ஒரு குடை வெடிச்சிருக்கு. முறைப்பாடு ஒண்ணும் இல்ல."

ஒரே உதை

ஸ்பீக்கர் போன பிறகு எங்க சண்ட எல்லாம் ஊமச் சண்ட. அடிக்கிற சத்தத்த அவனவன் வாயாலயே போட்டுக்கிட்டான். அதோட ஒரு நன்மை, அந்த ராலஹாமியே லீவு நாள்ல யூனிஃபோர்ம் இல்லாம சாரம் கட்டிக்கிட்டு வந்து வரிசையில நிக்க ஆரம்பிச்சாரு. அந்தச் சமயத்துலதான் பல்லேகமையிலருந்து பண்டா மாமா வந்தாரு. வியாழக்கிழமைகள்ல மொளகாய் விக்க டவுனுக்கு வர்றவரு. லொறி திரும்பி வர்ற வரைக்கும் எங்கயாவது உக்காரணும்னு மேல வந்தாரு. நம்ம கடையில தோத்தவன் எழும்பணும், ஜெயிச்சவன் உக்காந்திருக்கலாம். பண்டா மாமா உக்காந்தவரு உக்காந்தவருதான்.

அவருக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு பட்டன். கீழ குனிஞ்சு காலுல உதைக்கிறது. எதிரி பறந்து வந்தாலும் உதை, நெருப்ப விட்டாலும் உதை. ரெண்டு மாசமா விரல் தேய உழைச்சு குடை விரிக்கப் படிச்சவங்க எல்லாம் ஒருத்தன் பின்னால ஒருத்தனா எழும்பினாங்க. இது ஞாயமில்லன்னு ஒரு கூட்டமே போட்டாங்க. இனிமே ஒரு ரவுண்டுக்கு மூணு உதைக்கு மேல கூடாதுன்னு நான் சட்டம் எழுதணுமாம். சிங்களத்துல அவரு மனசு நோகாம இத எப்படி எடுத்துச் சொல்றதுன்னு தெரியாம ராலஹாமிய முன்னால விட்டோம். மாமா பொறுமையாக் கேட்டாரு. எழும்பி, வெறும் மொளகாய்ச் சாக்க மடிச்சுக்கிட்டே சொன்னாரு: "வயல் வரம்புல பாம்பு வந்தா நீங்க கழுத்து உயரத்துலயா மகன் அடிப்பீங்க?"

மாப்பிள்ளைக்கு மறுப்பில்ல

கூறைச்சேலை எடுக்கப் போறப்ப மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போவாங்க. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. அவரு கருத்தும் சொல்லக்கூடாது, கொட்டாவியும் விடக்கூடாது. பலாபத்வலையிலருந்து வந்த ரவி இந்த ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, அஞ்சு நிமிஷத்துல வர்றேன்னு பின்படியில ஏறி என் கடைக்கு வந்துட்டாரு. ஒண்ணரை மணித்தியாலம் ஆச்சு. கீழ ரெண்டு குடும்பமும் சிவப்பா, அரக்கான்னு முடிவு பண்ண முடியாம, மாப்பிள்ளையக் கேப்போம்னு நெனச்சிருக்காங்க. தேடிக்கிட்டு மேல வந்தது பொண்ணே.

"கொஞ்சம் வர்றீங்களா"ன்னு அந்தப் பிள்ள கேட்டுச்சு. "இந்த ரவுண்டு முடியட்டும்"னாரு ரவி. நானே அவருக்காக வெக்கப்பட்டேன். அந்தப் பிள்ள பக்கத்துல இருந்தவன எழுப்பிட்டு, சேலைத் தலைப்ப இழுத்துச் சொருகிக்கிட்டு, ரெண்டாவது ஜாய்ஸ்டிக்க எடுத்துச்சு. எந்தப் பட்டன் எதுக்குன்னு ஒண்ணும் தெரியாது. ரொட்டிக்கு மாப் பிசையிற மாதிரி எல்லாத்தையும் சேத்து அமத்துச்சு. விசிறிக்காரி சுத்திச் சுத்தி அடிச்சதுல ரவியோட சால்வைப் பையன் செவத்துல ஒட்டிட்டான். பிள்ள ஜாய்ஸ்டிக்க மெல்லமா வச்சிட்டு எழும்பி, என்னப் பாத்துத்தான் சொல்லுச்சு: "அண்ணே, சிவப்பே எடுக்கச் சொல்லிக் கீழ சொல்லிருங்க. இவருக்கு மறுப்பு ஒண்ணும் இல்ல."

பாரூக் நானாவோட விரல்

ஹாஜியார் கடை வராந்தாவுல மெசின் போட்டுத் தைக்கிறவரு பாரூக் நானா. சாப்பாட்டு நேரத்துல மேல வந்து ரெண்டு சண்ட போட்டுட்டுப் போவாரு. மத்தவங்களுக்கெல்லாம் பெருவிரல்ல கொப்பளம், அவருக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. ஒரு நாள் டிக் டிக்குன்னு சத்தம் கேட்டுப் பாத்தா, ஊசி குத்தாம இருக்கத் தையக்காரங்க விரல்ல மாட்டுற இரும்புக் குப்பியப் பெருவிரல்ல மாட்டிக்கிட்டு அடிக்கிறாரு. என் பட்டன்ல பாதி எழுத்து அழிஞ்சு போனதுக்குக் காரணம் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

கழட்டச் சொன்னேன். கழட்டினாரு. அடுத்த சண்டையில பண்டா மாமாவோட மூணாவது உதையிலயே விழுந்துட்டாரு. குப்பியத் திரும்பி மாட்டிக்கிட்டு மெசினுக்குப் போனவரு படியில நின்னு சொன்னாரு: "இது இல்லாட்டி நான் வெறும் மனிசன் சிவா."

பதினேழு பேர்

இந்தச் சண்ட சீடியில ஒரு விஷயம் இருக்கு. முதல்ல போடும்போது ஆறு பேர்தான் இருப்பாங்க. மத்தவங்க கறுப்பு நிழலா நிப்பாங்க. ஒவ்வொரு ஆளையும் வச்சுத் தொடக்கத்துலருந்து கடைசி வரைக்கும் ஜெயிச்சா, ஒரு நிழலுக்கு உசுரு வரும். அப்படி உசுரு வந்த ஆளுங்கள மெமரி கார்டுன்னு ஒரு சின்னத் தகடு ஞாபகம் வச்சுக்கும். மூணு மாசமா ஊரே சேந்து பதினேழு பேரத் தொறந்திருந்தாங்க. விசிறிக்காரிய அந்த ஒண்ணரை மணித்தியாலத்துல ரவி தொறந்தது. பானைத் தலையன செல்வா நின்னுக்கிட்டே தொறந்தது. ஹாஜியார் சொன்ன மூணு மாசம் முடிய ரெண்டே நாள் இருக்கு, ஒரு முறைப்பாடும் வரல. நான் மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

புதன்கிழம காலையில பெட்டியப் போட்டா, இதுவரைக்கும் பாக்காத ஒரு கேள்வி வந்து நிக்குது, சிவப்பு எழுத்துல. ஜப்பான்காரனும் சும்மா சிவப்புல எழுத மாட்டான்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கல. கீழ ரெண்டு, வலது ஒண்ணு, வட்டம். ஒரு கோடு ஓடி நெரம்புச்சு. சண்டையத் தொறந்தா ஆறு பேர் நிக்கிறாங்க, மத்த பதினேழும் நிழல். அது கேட்டது மெமரி கார்ட அழிக்கவான்னு.

பத்து மணிக்குள்ள டவுனுக்குத் தெரிஞ்சிருச்சு. பதினொரு மணி பஸ்ஸோட ரத்தோட்டைக்கும் தெரிஞ்சிருச்சு. யாரும் என்ன ஏசல, ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒவ்வொருத்தரா வந்து பெஞ்சுல உக்காந்து, எப்படிப் போச்சு, கடைசியா யாரு பாத்ததுன்னு கேட்டுட்டு, டீவியப் பாத்துப் பெருமூச்சு விட்டாங்க. பாரூக் நானா கேத்தல்ல பால் போடாத பிளேன்டி கொண்டு வந்து எல்லாருக்கும் ஊத்தினாரு. மேல ஒரு சத்தமும் இல்லாதது ஹாஜியாருக்குச் சந்தேகமாயிருச்சு. எடம் குடுத்த நாளுக்குப் பிறகு முதல் தரமா படியேறி வந்தாரு. இருபது ஆம்பளைங்க தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்குறதப் பாத்துட்டு, தொப்பியச் சரி பண்ணிக்கிட்டு, யாருக்கு என்ன ஆச்சுன்னு தணிவாக் கேட்டாரு. சாரத்தோட உக்காந்திருந்த ராலஹாமிதான் எழும்பி நின்னு, தனக்குத் தெரிஞ்ச தமிழ்ல அறிக்கை குடுத்தாரு: "விசிறி அக்காவையும் சேத்து பதினேழு பேர், முதலாளி."

முறைப்பாடு

கடைக்கு ஆளே அந்தப் பதினேழு பேருக்காகத்தான் வர்றது. அவங்க இல்லாம ஹாஜியார் விட்டாலும் கடை நிக்காது. அதனால வியாழனும் வெள்ளியும் கதவ மூடினோம். ‘உள்ளே வேலை நடக்கிறது’ன்னு ரெண்டு பாஷையிலயும் எழுதிப் போட்டேன். உள்ள நடந்தது வேலதான், சந்தேகமில்ல. செல்வா லீவு போட்டான். ராலஹாமி டியூட்டி முடிஞ்ச கையோட வந்தாரு. கல்யாணமாகி ஒரு கிழமையான ரவி, பொண்டாட்டிகிட்ட அனுமதி கேட்டு வாங்கிக்கிட்டே வந்தாரு. வியாழக்கிழம மொளகாய் வித்துட்டு வந்த பண்டா மாமா, ஒரே உதையில மூணு பேரத் தொறந்துட்டுத்தான் லொறி ஏறினாரு. அந்த வருஷம் கரண்ட் கட் வேற. கரண்ட் இருக்குற நேரத்துக்கு ஏத்த மாதிரி ஆள் மாத்தி ஆள் உக்காந்தோம். வெளியாளுங்க யாரையும் உள்ள விடல, நாலஞ்சு தரம் கதவத் தட்டினாங்க, தொறக்கல. வெள்ளிக்கிழம மத்தியானம் மூணு மணிக்கு, கரண்ட் போறதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பதினேழாவது ஆளும் வந்து சேந்துருச்சு.

அந்த நேரம் பாத்துத்தான் கதவுல தட்டு. ஜும்ஆத் தொழுகையும் சாப்பாடும் முடிஞ்சு வந்த ஹாஜியார், கையில பில் புத்தகம். "முறைப்பாடு வந்திரிச்சு சிவா"ன்னாரு. மூணு மாசத்துல கடைசி நாள், கடைசி மத்தியானம். கடைசி ஆளத் தொறந்த கையாலயே டீவி வயரக் கழட்ட ஆரம்பிச்சேன். செல்வா என்னத் தடுக்கல. எல்லாரும் செவத்தப் பாத்துக்கிட்டு நின்னாங்க. வேணும்னா ஹார்ட்வெயார் மொதலாளியப் போய்ப் பாக்கலாம், என்ன சொல்லுவாருன்னு தெரியும், அதையும் கேட்டுக்கலாம்னு மனசத் தேத்திக்கிட்டேன். "என்ன முறைப்பாடுன்னு கேக்க மாட்டீங்களா?"ன்னாரு ஹாஜியார். மறந்து போகாம இருக்க பில் புத்தகத்துப் பின்பக்கத்துல எழுதி வச்சிருந்தாரு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு வாசிச்சாரு.

ரெண்டு நாளா மேல்மாடி கேம் கடை பூட்டிக் கிடக்குது. இதனால புருஷன்மாரெல்லாம் கீழேயே நிக்கிறாங்க. மணிக்கூட்டப் பாக்குறாங்க. எல்லாச் சேலையும் ஒண்ணு மாதிரித்தானே, எதையாவது எடுத்துக்கிட்டு வான்னு சொல்றாங்க. உக்குவளையிலருந்து வந்த ஒரு அம்மா விரிச்ச சேலைய அப்படியே போட்டுட்டு எழும்பிட்டாங்க. இன்னும் நாலு பேர், அந்தக் கேம் கடை தொறந்த பிறகே வர்றோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அஞ்சு முறைப்பாடு, அஞ்சும் பொம்பளைங்க குடுத்தது. வாசிச்சு முடிச்சிட்டு ஹாஜியார் கண்ணாடியக் கழட்டி, என் கையில இருந்த வயரப் பாத்தாரு. "நான் சொன்ன சொல்லு மாறுறல்ல சிவா, இந்த எடத்தக் காலி பண்ணத்தான் வேணும். பக்கத்து ரூம் இதவிடப் பெரிசு, கதிர ஏழெட்டு கூடப் போடலாம். நாளைக்கு நான் கடை தொறக்கிற நேரம் நீங்களும் தொறந்திரணும்."

அந்தப் பெரிய ரூம்ல ஏழு வருஷம் கடை நடத்தினேன், ஒரு சண்டையிலயும் பேர் வாங்கல, ஆனா மாத்தளையில ஒரு கூறைச்சேலை எடுத்து முடிக்க எத்தன ரவுண்டு ஆகும்னு கேட்டா இன்னிக்கும் தப்பில்லாமச் சொல்லுவேன்.